அவள் எழுதாத விதி

அந்தக் கணக்காளருக்கு மெயில்களைத் தரம் பிரித்து வைப்பதில் தனி ருசி. வங்கியிலிருந்து வருபவை ஒரு ஃபோல்டருக்கு, நாத்தனார் அனுப்பும் வாழ்த்துப் படங்கள் இன்னொன்றுக்கு என்று தானாகவே போய்ச் சேர விதிகள் எழுதி வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைச் சரிபார்த்தபோது, தான் எழுதாத விதி ஒன்று நடுவில் இருந்தது. மகள் அனுப்பும் மெயில்கள் எல்லாம் ‘பாப்பா’ என்ற ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்றது அது.

அவளுக்கும் கணவனுக்கும் குழந்தை இல்லை. டாக்டர்கள் கைவிரித்த பிறகு வீட்டில் அந்தப் பேச்சே நின்றுபோயிருந்தது.

“நீங்க ஏதாவது செஞ்சீங்களா?” என்று கணவனிடம் கேட்டாள்.

“உன் மெயிலை நான் ஏன் தொடப்போறேன்? விதியை மதியால வெல்லலாம்னு சொல்வாங்க. அழிச்சுப் பாரு.”

அழித்தாள். மறுநாள் அது அதே இடத்தில் இருந்தது. மறுபடி அழித்தாள், மறுபடி வந்தது. கடைசியில் விட்டுவிட்டாள். காலியாகக் கிடந்த அந்த ஃபோல்டரைத் தினமும் திறந்து பார்ப்பது மட்டும் எப்படியோ பழக்கமாகிவிட்டது.

மழை விட்டிருந்த ஒரு மதியம், அதில் ஒரு மெயில் வந்திருந்தது. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

‘அம்மா, கிளம்பிட்டேன். வர நேரமாகும். நீயும் அப்பாவும் எனக்காகக் காத்திருக்காம சாப்பிட்டுடுங்க.’

கணவனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் நின்றபடியே படித்தான். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தான்.

“பதில் போடட்டுமா?” என்று மெல்லக் கேட்டாள்.

“போடு. பத்திரமா வரச் சொல்லு.”

சொல்லிவிட்டு எழுந்துபோய், தட்டுமுட்டுச் சாமான்கள் அடைந்து கிடந்த சின்ன அறையைக் காலி செய்யத் தொடங்கினான்.