கம்பெனி அழைத்த கார்

ஓரிக்கைத் தெருவில் காலை வெயில் சுள்ளென்று விழுகிறது. தம்பி விக்ரமின் புது வெள்ளைக் காரைச் சங்கிலி பூட்டி லாரிமேல் ஏற்றுகிறார்கள். கியரை 'பார்க்'கில் போட்டு நிறுத்தினாலும் அது உருண்டுவிடலாமாம். அந்த மாடல் கார்கள் எல்லாவற்றையும் கம்பெனியே எடுத்துப்போய்ச் சரிசெய்து தருகிறதாம். நேற்று இதைக் கேட்டபோது அண்ணன் ஜெபகுமாருக்கு உள்ளூர இனித்தது. இப்போது தன் ஆட்டோவில் சாய்ந்து நின்று பார்க்கிறான்; இனிக்கவில்லை. கையுறை மாட்டிய கம்பெனி ஆள் தம்பி முன்னால் லேசாகக் குனிந்து, "சிரமத்துக்கு மன்னிச்சிக்குங்க சார், உங்க பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியம்" என்கிறான். ஜெபகுமாரின் ஆட்டோவில் ஒரு வருஷமாக இரண்டாவது கியர் தானாகவே நழுவுகிறது. கியர்க் கைப்பிடியை முறுக்கிப் பிடித்தே ஓட்டுகிறான். யாரும் அவனிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. லாரி உறுமிக்கொண்டு நகர்கிறது. விக்ரம் தோள்பையோடு அவனருகே வருகிறான். "ஆபீசுக்கு நேரமாயிடுச்சுண்ணா. உன் ஆட்டோவுல விட்டுடறியா?" ஜெபகுமார் அவன் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறான்: "கியர் சரியில்லப்பா. வேற ஆட்டோ புடிச்சிக்கோ." தம்பியின் முகம் நிஜமாகவே வாடுகிறது. "அதோடயா ஓட்டிக்கினு இருக்குற? கம்பெனிக்கு ஒரு போன் போட்டா, அவங்களே வந்து எடுத்துக்கினு போவாங்களேண்ணா."