வாலில் வந்த புல்

கடல் கடந்து வந்த தீவனப்புல்லை வேலியோரம் விதைத்திருந்தார்கள். மயிலைப் பசு தினமும் அதற்குள் புகுந்து, கதிர்விட்ட தாள்களுக்கிடையே இளந்தாளாகத் தேடி மேய்ந்தது.

"என்ன ருசி! இனிமே உன் பக்கம் யாரு வருவா?" என்றது அருகம்புல்லிடம்.

மூன்று மழைக்காலம் போனது. மேய்ச்சல் காடெங்கும் இடுப்புயரத்துக்கு அந்தப் புல்தான். முற்றிப்போன தாள் பசுவின் நாக்கை அறுத்தது. பசி தாங்காமல் அருகம்புல்லைத் தேடி அலைந்த பசு, கடைசியில் ஒரு பாறையிடுக்கில் கொஞ்சம் கண்டது.

"உன்னை இப்படி மூலையில தள்ளிடுச்சே! அந்தச் சனியனைக் காடு பூரா பரப்பினது யாரு?"

பசு எரிச்சலில் வாலைச் சுழற்றியது. வால்மயிரில் சிக்கியிருந்த சொரசொரப்பான விதைகள் நாலைந்து அந்த இடுக்கில் உதிர்ந்தன.

"அக்கா, முதல்ல வாலை ஆட்டாம நில்லு" என்றது அருகம்புல்.