முள் இல்லாத தூண்டில்

“என்னடா இது, தூண்டில்ல முள்ளே இல்லை?”

திவாகர் போட்ட சத்தத்தில் படகு கட்டும் ஜெட்டியின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

காரில் இருந்த தே தாரிக் டீப் பொட்டலங்களை எடுக்கப் போன தர்மேந்திரன் அவற்றோடு அரக்கப் பரக்க ஓடி வந்தான். அதற்குள் திவாகர் தர்மேந்திரனின் தூண்டிலைத் தூக்கி நண்பர் நல்லமுத்துவிடம் காட்டிக்கொண்டிருந்தான். நரம்பின் நுனியில் ஈயக்குண்டு இருந்தது. இறால்கூட நூலால் கட்டப்பட்டிருந்தது. முள் மட்டும் இல்லை.

“அறுந்து போயிருக்கும்டா,” என்றான் தர்மேந்திரன்.

“ஆமா, முள்ளு அறுந்து போறப்ப இறாலை நூல்ல கட்டி வச்சிட்டுப் போச்சாக்கும்! காலையிலேர்ந்து உனக்கு ஒண்ணுமே சிக்கலைன்னு நான் பாவப்பட்டுக்கிட்டு இருக்கேன்லா. போன தடவையும் இதே டிராமாதானா?”

தங்கள் ஊரான டுரியான் துங்காலிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு மூவரும் ஒரே காரில் ஏறி, மஸ்ஜித் தானா ஊரைத் தாண்டி இந்தக் கடலோரத்துக்கு வந்துவிடுவார்கள். வருஷக்கணக்காக நடக்கிற கூத்து இது. மூவரில் மீன் பிடிப்பதில் சூரன் தர்மேந்திரன்தான். திவாகர் பிடிப்பதைவிடப் பேசுவது அதிகம்.

“டேய் திவா, சும்மா இரு,” என்றார் நல்லமுத்து. பஸ் ஓட்டுகிறவர், மூவரில் மூத்தவர். தன் தூண்டிலை மெல்லக் கீழே வைத்துவிட்டு தர்மேந்திரனின் முகத்தையே பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

“தர்மா, எத்தனை மாசம்?”

திவாகருக்கு ஒன்றும் புரியவில்லை. “என்னண்ணே எத்தனை மாசம்?”

“என் மூத்தவ வயித்துல இருந்தப்ப நானும் முள்ளு போடலைடா.”

பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அப்பன் மீன் வாயில் முள் குத்தினால் பிள்ளையின் உதடு பிளந்துவிடும் என்று இந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. கம்போங்கில், அதாவது மலாய்க் கிராமங்களில், இப்படிப்பட்ட விலக்கைப் பந்தாங் என்பார்கள். நம்மவர்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கிளினிக்கில் ஸ்கேன் படத்தைக் கையில் வாங்கியவர்கள்கூட இதை மட்டும் விடுவதில்லை. யார் துணிந்து சோதித்துப் பார்ப்பார்கள்?

“டேய்!” திவாகர் பாய்ந்து வந்து தர்மேந்திரனைக் கட்டிக்கொண்டான். தே தாரிக் இருவர் சட்டையிலும் கொட்டியது. “சொல்லவே இல்லையேடா! நாங்க என்ன கண்ணு வைக்கிற ஆளுங்களா?”

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். சன்னாசிமலையில் காவடி எடுத்தாயிற்று, ஏறாத கிளினிக் இல்லை. இரண்டு முறை தங்கியும் நிலைக்கவில்லை. அதற்கப்புறம் தர்மேந்திரனின் மனைவி ஜெயா வளைகாப்பு வீடுகளுக்குப் போவதையே நிறுத்திக்கொண்டாள். அந்த இரண்டு முறையும் ஆஸ்பத்திரி வராந்தாவில் தர்மேந்திரனோடு உட்கார்ந்து அழுதவர்கள் இந்த இருவரும்தான்.

“பயம்டா. கைக்கு வர்ற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு இருந்தோம்,” என்றான் தர்மேந்திரன். “இங்க வரலைன்னா ஏன்னு கேப்பீங்க. அதான் வந்து சும்மா தூண்டிலைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“கேக்க மாட்டோமா பின்னே!” திவாகர் ஐஸ் பெட்டியைத் திறந்து, தான் பிடித்த ஒரே ஒரு சியாக்காப் மீனை எடுத்தான். வால் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அதைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். “உன் புள்ளைக்காக இன்னிக்கு நாங்களும் பிடிக்கலை. முடிஞ்சுது.”

தர்மேந்திரனின் கண் கலங்கிவிட்டது. இந்த முறையும் கை நழுவிப் போய்விட்டால் ஜெயா தாங்க மாட்டாள்; தன்னாலும் தாங்க முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

நல்லமுத்து அவன் தோளில் தட்டினார். “அழாதே. ஆமா, இந்த நேரத்துல ஜெயாவைத் தனியா விட்டுட்டா வந்தே? வீட்டுல துணைக்கு யாரு இருக்கா?”

“அவ வீட்டுல இல்லண்ணே. செலண்டார்ல இருக்கா.”

“அங்க உனக்குச் சொந்தமே கிடையாதேடா?”

தர்மேந்திரன் தூண்டில் நரம்பைச் சுற்றத் தொடங்கினான். சுற்றிக்கொண்டே சொன்னான்:

“ஜெயாவுக்குப் போன வருஷமே கர்ப்பப்பையை எடுத்துட்டாங்கண்ணே, உங்ககிட்டகூடச் சொல்லலை. பிள்ளை செலண்டார்ல ஒரு பொண்ணு வயித்துல இருக்கு. பெத்து எங்ககிட்ட குடுக்கிறேன்னு சொல்லியிருக்கு, அதுக்குத்தான் ஜெயா துணைக்குப் போயிருக்கா. அப்பன்காரன் ஓடிட்டான். பந்தாங் பாக்க அந்தப் பிள்ளைக்கு வேற ஆள் இல்லை.”

திவாகர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டான். “பெத்ததுக்கப்புறம் அந்தப் பொண்ணு மனசு மாறிட்டா?”

“மாறினா அழுவேன்தான்டா. ஆனா எங்க வளந்தாலும் அதுக்கு உதடு நல்லா இருக்கணும்ல?”