கரியை நம்பாத மாமனார்

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியம்மா கை கழுவ அந்தப் பக்கம் போனதுதான் தாமதம். கரித் தொட்டியின் குழாயில் அவர் பிடித்துச் சீட்டு ஒட்டி வைத்திருந்த பாட்டிலை முதலாளி எடுத்து, ஜன்னல் வழியே செடிக்குக் கவிழ்த்தார். மேஜையோரத்துக் குடிதண்ணீர்க் கேனைத் திறந்து அதே பாட்டிலை நிரப்பி, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

குழாய்க்கும் கைப்பிடிக்கும் குரோம் முலாம் பூசும் பட்டறை அவருடையது. அலசிவிடும் தண்ணீரில் குரோமியம் இருந்தால் இன்றைக்கே சீல். ஏற்கெனவே ஒரு தடவை மாட்டியாகிவிட்டது; இந்த முறை காலில் விழுந்தாலும் விடமாட்டார்கள்.

அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்வது மாப்பிள்ளையின் பொறுப்பு. வேதியியல் படித்த பையன் என்று பீற்றிக்கொண்டு பெண்ணைக் கொடுத்தார். அவனோ மரத்தூளைக் காற்றுப் புகாத டிரம்மில் சுட்டுக் கரியாக்கி, இரும்புக் கரைசலில் ஊறவைத்து, மறுபடியும் சுட்டு, தொட்டி நிறையக் கொட்டி வைத்திருந்தான்.

"சும்மா கரி இல்ல மாமா, இரும்பு ஏத்தின கரி. குரோமியத்தைக் கண்டா கப்புனு பிடிச்சுக்கும்."

"பிடிக்கட்டும் மாப்ள, பிடிக்கட்டும்" என்பார் முகத்துக்கு நேரே. வீட்டுக்குப் போனதும், "இவன் என் மூஞ்சியில கரி பூசாம ஓயமாட்டான்" என்று மனைவியிடம் குதிப்பார். தினமும் காலையில் ஆபீஸ் அறைக்குக் கேனைத் தோளில் தூக்கிவந்து வைக்கிறானே, அந்த ஒரு வேலையைத்தான் உருப்படியாகச் செய்கிறான் என்பது அவர் கணிப்பு.

அதிகாரியம்மா திரும்பி வந்து உட்கார்ந்தார். பாட்டில் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, மருந்தைச் சொட்டு விட்டார்.

"ஊதாவா மாறினா சீல்தான். அப்புறம் மேடம் மேடம்னு பின்னாடி வரக் கூடாது."

மாப்பிள்ளை வாசற்படியில் நின்று நகத்தைக் கடித்தான். முதலாளி நாற்காலியில் சாய்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் நிறம் மாறவே இல்லை. அதிகாரியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "பரவாயில்லையே தம்பி, சாதிச்சுட்டீங்க!" என்று மாப்பிள்ளைக்குக் கைகொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

கார் தெருமுனை திரும்பியதும் முதலாளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ரொம்பப் பூரிச்சுப் போயிடாதீங்க மாப்ள. உங்க கரித் தண்ணி செடிக்குப் போயிடுச்சு. பாஸானது இந்தக் கேன் தண்ணி!"

"பாட்டிலை மாத்திட்டீங்களா?"

"பின்னே? உங்க கரியை நம்பிப் பட்டறையைப் பணயம் வைக்கச் சொல்றீங்களா? பொண்ணை வச்சதே போதாதா?"

வெற்றிக் களிப்பில் கேனிலிருந்து ஒரு டம்ளர் பிடித்து, மடக் மடக்கென்று குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்தார்.

"தண்ணின்னா இது தண்ணி! கம்பெனிக்காரன் கம்பெனிக்காரன்தான்."

மாப்பிள்ளை அவர் கையிலிருந்த காலி டம்ளரைப் பதமாக வாங்கிக்கொண்டான்.

"இதுவும் நம்ம கரித் தொட்டித் தண்ணிதான் மாமா, தினமும் நான்தான் பிடிச்சு வைக்கிறேன்."