நெடுந்தூரச் சம்பந்தம்

"தம்பிக்குக் கனடாச் சிற்றிசன்சிப் எப்ப கிடைச்சது?" என்று சிவசுப்பிரமணியம் கேட்டார். கேட்ட அந்தக் கணத்திலேயே மாப்பிள்ளை உறைந்துபோனார். வாய் பாதி திறந்தபடி, கண் நேரே வெறித்தபடி, மடிக்கணினித் திரையில் சாமிப்படம் போல நின்றார்.

"போச்சு! லைன் போச்சு!" என்று சிவசுப்பிரமணியம் தலையில் அடித்துக்கொண்டார்.

புத்தூர் முழுக்க அவர் சொல்லிவைத்திருந்தார். மகள் ஆரணியை ரொறன்ரோவிலிருந்து குகதாசன் வீடியோவில் பெண் பார்க்கப்போகிறார். அதற்காகவே கூரையில் குழாய் நட்டு, தூரத்து இணையக் கோபுரத்தை நோக்கிப் புது அன்ரெனா பூட்டியாயிற்று. வயரே இல்லாமல் முப்பது கிலோமீற்றர் இழுக்குமாம், உலகத் தரமாம். 'தரம்' என்று அவர் புகழ்வது அன்ரெனாவையா மாப்பிள்ளையையா என்று கேட்டவர்களுக்குப் பிடிபடவில்லை.

பூட்ட வந்த பிரவீணன் காலையிலேயே எச்சரித்தான். "ஐயா, முப்பது எண்டது உந்தத் தரத்தைப் பேப்பரிலை எழுதினவையின்ரை கணக்கு. அது வெட்டவெளிக்கு. இஞ்சை பக்கத்து வளவுப் பனை மறைக்குது, குழாயை உயத்த வேணும்." உயர்த்தினார்கள். இப்போது அது பிள்ளையார் கோயில் கொடிமரத்தோடு போட்டிக்கு நின்றது.

"இது சோமசேகரத்தின்ரை பனை செய்த வேலை! என்ரை பிள்ளைக்கு ஒரு நல்லது நடந்தால் அவன்ரை மரத்துக்கும் பொறுக்கேல்லை" என்று சிவசுப்பிரமணியம் பொருமினார்.

கூரைக்கு ஏறிய பிரவீணன் அங்கிருந்தே கத்தினான். "ஐயா, எல்லாம் வடிவாய்க் கிடக்கு! சிக்னல் முழுசா வருது!"

"நீ பேசாமல் இரு தம்பி! படம் அசையேல்லை, இவருக்குச் சிக்னலாம்."

மனைவி சிவக்கொழுந்து திரைக்குக் கிட்டப் போனார். மாப்பிள்ளையின் கன்னத்தில் ஓர் இலையான் சிறகை மடித்து ஊர்ந்துகொண்டிருந்தது. சேலைத் தலைப்பால் திரையை இரண்டு தட்டுத் தட்டினார். அது சட்டை செய்யாமல் நெற்றிக்கு ஏறியது.

"இஞ்சாருங்கோ, கிட்டப் பாக்கத்தான் தெரியுது. உது சொந்தத் தலைமயிர் இல்லைப் போல."

"மயிரைக் கொண்டு என்ன செய்யப்போறாய்? பாஸ்போட் சொந்தமெண்டால் காணும்."

"வயசும் நாப்பதைத் தாண்டும்."

"நாங்கள் மட்டும் அரிச்சந்திரன் பரம்பரையோ? ஆரணிக்கு நாலு வயசைக் குறைச்சுத்தானே சாதகம் குடுத்தனாங்கள்? கலியாணம் முடியட்டும், அவள் போய் எங்களைக் கூப்பிடட்டும். நாங்கள் விமானம் ஏறினாப்பிறகு உவர் மொட்டையெண்டால் என்ன, கிழவனெண்டால் என்ன?"

அதுவரை கூறைச் சேலை சுற்றிய கடைப் பொம்மை மாதிரி நின்ற ஆரணி வாயைத் திறந்தாள். பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் தாதியாக இருப்பவள். நோயாளிகளிடம் காட்டும் பொறுமை வீட்டில் தீர்ந்துபோயிருந்தது.

"எனக்கு உந்த ஆள் வேண்டாமெண்டு எத்தினை தரம் சொல்லிப்போட்டன், அப்பா? கனடாவுக்குப் போக ஆசை உங்களுக்குத்தானே? நீங்களே கட்டுங்கோ."

"வாயை மூடு! லைன் வந்தவுடனை உதைச் சொல்லிப்போடாதை. வடிவாய்ச் சிரி. 'நீங்கள்தான் என்ரை விருப்பம்' எண்டு சொல்லு."

"பொய்யோ?"

"சம்பந்தமெண்டால் அப்பிடித்தான்!"

கூரையிலிருந்து பிரவீணன் மறுபடியும் கத்தினான். "ஐயா, சத்தியமா லைனிலை ஒரு பிழையும் இல்லை!"

"இறங்கி வாடா கீழை! படிச்ச தரமும் நீயும்!" சிவசுப்பிரமணியத்துக்கு அழுகையே வந்துவிட்டது. எத்தனை வருடக் கனவு. விமான நிலையத்தில் கழுத்து மாலையோடு தான் இறங்குவதாகக்கூட அவர் கனவு கண்டிருந்தார். எல்லாம் ஒரு பனையால் போகப்போகிறதே என்று மடிக்கணினியை மூடக் கை நீட்டினார்.

திரையில் மாப்பிள்ளையின் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. பாதி திறந்திருந்த வாய் மெல்ல மூடி, மறுபடி திறந்தது.

"லைன் வடிவாத்தான் இருக்கு, மாமா. என்ரை அகதிக் கேஸ்தான் இன்னும் முடியேல்லை."