மத்தியானம் பேசியது யார்?

சித்திரை பிறந்த அன்று வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். மாங்காய்ப் பச்சடி கிளறிக்கொண்டிருந்த செண்பகவல்லி, கணவன் திருமாறனிடம் மெல்லக் கேட்டாள்: "நாளைக்கு லீவு சொல்லிட்டீங்கல்ல?"

"எதுக்கு?"

"மார்புக் கட்டிக்கு டெஸ்ட். கூட வர்றேன்னு போன்ல சொன்னீங்களே."

"கட்டியா? செண்பகா, ஒரு மாசமா மத்தியானம் போன்ல உன்கிட்ட பேசுறது நான் இல்ல. ஆபீஸ்ல நேரமில்லாம, என் குரல்ல தானா பதில் பேசுற ஏஐ செயலியை வச்சிருந்தேன்."

அந்தக் கூட்டுக் குடும்பத்தில் அவளுக்கென்று இருந்தது தினமும் அந்தப் பத்து நிமிட போன் பேச்சுதான். ஒரு மாதமாக அதில்தான் அழுது தீர்த்திருந்தாள்.

"நாளைக்கு நிச்சயம் வர்றேன்," என்று கையைப் பிடித்தான்.

அதே குரல். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். கூடத்துக்குப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி மாமியாரிடம் சொன்னாள்: "அத்தை, எனக்கு மார்புல கட்டி இருக்கு. நாளைக்கு நீங்க என்கூட வர்றீங்களா?"