கீழ்க் கழிப்பறைக்கு ஒரு ஹீற்றர்

தில்லையம்பலம் சூட்கேசை இழுத்துப் பூட்டியபோது, கீழ்க் கழிப்பறைச் சுவரில் துளை போடுகிற சத்தம் கேட்டது. கைத்தடியை ஊன்றிப் போய் எட்டிப் பார்த்தார். எலெக்ற்றீசியன் றொபேட் குந்தியிருந்து வயர் இழுத்துக்கொண்டிருந்தான். இடுப்பில் கை வைத்தபடி மனைவி இராஜேஸ்வரி மேற்பார்வை.

அவருக்குத் தன் கண்களையே நம்ப முடியவில்லை.

முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏறுவது அவருக்குப் பெரும்பாடு. கராஜை ஒட்டிய அந்தச் சின்னக் கழிப்பறைதான் கதி. மல்வேர்ன் பகுதியின் பனிக்குளிரில் அதற்குள் உட்கார்ந்தால் எலும்பு வரைக்கும் விறைக்கும். ஒரு ஹீற்றர் பூட்டுவோம் என்று இரண்டு பனிக்காலமாகக் கெஞ்சிவிட்டார். "அஞ்சு நிமிச அலுவலுக்கு ஹீற்றரோ?" என்று இராஜேஸ்வரி ஒரே வெட்டாக வெட்டிவிடுவாள்.

இன்று காலையும் அதே சண்டை. முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு என்மேல் இவ்வளவுதானா அக்கறை என்று மனம் விட்டுப்போய், அவள் காதுபடவே மகனுக்குப் போன் எடுத்தார்.

"வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ, தம்பி. இனி இந்த வீட்டு வாசல்படி மிதிக்கமாட்டன்."

இராஜேஸ்வரி எழும்பிப்போய் யாருக்கோ போன் எடுத்தாள். யாருக்கென்று இப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

"இண்டைக்கே முடிச்சுத் தரவேணும், தம்பி. இரவு மைனஸ் இருபத்தெட்டாம். விடியவிடிய எரியவேணும்." றொபேட்டிடம் சொன்ன அவள் குரல் நடுங்கியது.

"ஓம் அன்ரி. யன்னலுக்குக் கீழ பூட்டட்டோ?"

"ஐயோ, அங்கை வேண்டாம்! வெளிச்சம் விழுற இடமெல்லோ. அதுக்காண்டித்தான் யன்னல் திரைச்சீலையையும் கழட்டினனான்."

தில்லையம்பலம் உள்ளே இருந்து பேப்பர் வாசிக்கிறார் என்று அவள் திட்டாத நாளில்லை. அவளா இன்றைக்கு வெளிச்சத்தைப் பற்றி யோசிக்கிறாள்?

மணிக்கூட்டைப் பார்த்தார். யூனியன்வில்லில் இருந்து மகன் சுலக்சன் வெளிக்கிட்டு இருபது நிமிடமாகிவிட்டது. அவன் வந்து சூட்கேசைத் தூக்கினால் இவள் உடைந்துபோவாளே என்று பதறினார். போன் எடுத்தார், பதில் இல்லை. திரும்பவும் எடுத்தார். மூன்றாம் தரம்தான் கிடைத்தான்.

"அப்பா, உங்கட ரோட்டுக்கு வந்திட்டன்."

"திரும்பிப் போ, தம்பி! கொம்மா பாவமடா. நான்தான் பிழையா நினைச்சிட்டன். நான் எங்கையும் வரேல்லை."

"ஷுவரா? பிறகு வா எண்டு கூப்பிடக்கூடாது."

"கூப்பிடமாட்டன். ஷுவர்."

றொபேட் சுவிட்சைப் போட்டுக் காட்டிவிட்டுப் புறப்பட்டான். கழிப்பறைக்குள் இருந்து இதமான சூடு வாசல் வரைக்கும் வந்தது. தில்லையம்பலம் சூட்கேசைக் கதவுக்குப் பின்னால் தள்ளி மறைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்கவென்று திரும்பினார்.

குசினிக்குள் இருந்து இராஜேஸ்வரி வேகமாக வந்தாள். அவருடைய கம்பளிப் போர்வையை ஒரு பெரிய பொட்டலமாகச் சுருட்டி இரண்டு கையாலும் அணைத்திருந்தாள். போர்வையுமா என்று நினைத்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"விலத்துங்கோ, கருவேப்பிலைக் கன்று விறைக்குது! நீங்கள் இனி மாடிக் கழிப்பறைக்குப் போங்கோ."